மலைக்குத் தனியே சென்றவரும் வீட்டில் இருந்தவரும்

"வீட்டுல ஏதும் மனத்தாங்கலா?"

கொடைக்கானலுக்கு அப்பால் பூம்பாறை என்னும் மலைக்கிராமத்தில் இரண்டு இரவுகள் தனியே தங்கிவரப் போகிறோம் என்று சொன்னபோது நம்மிடம் முதலில் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். அடுத்துக் கேட்டவர் ஜமாஅத்துப் பெரியவர். அஸர் தொழுகை முடிந்ததும் ஹவுளுக்கு அருகே அழைத்துச் சென்று, கடன் தொல்லை ஏதேனும் இருந்தால் மறைக்க வேண்டாம் என்று பரிவோடு சொன்னார். மைத்துனர் ஒருவர் மருத்துவரைப் பார்த்தீர்களா என்றார். (தனியே போனவர் 'நாம்' என்று எழுதுவது நகைப்புக்கு இடந்தரும் என்பதை அறிவோம். இப்பகுதியின் வழக்கம் அது, வாசகர்கள் பொறுத்தருள்க.)

அவர்களைக் குறைகூறும் எண்ணம் நமக்கு இல்லை. நம் சமூகத்தில் பயணம் என்றாலே கூட்டந்தான். ஜியாரத்துக்கு ஒரு வேன், பெண் பார்க்க இரண்டு கார், உம்ராவுக்கு ஐம்பது பேர் கொண்ட குழு. மலைவாசத்தலத்துக்குப் போனாலும் பிரியாணிச் சட்டியும் பாயும் கூடவே ஏறிவிடும். தனியே போகிறவர் ஒருவர்தான் உண்டு: வளைகுடாவுக்குப் பிழைப்புத் தேடிச் செல்பவர். அவர் மனைவி மக்களை விட்டு இரண்டு ஆண்டுகள் பிரிந்திருப்பதை வாழ்க்கை என்று ஏற்றுக்கொண்டு, விமான நிலையம் வரை சென்று துஆச் செய்து வழியனுப்புகிறோம். அதே மனிதர் இரண்டு நாள் தனியே ஒரு மலையில் இருந்துவிட்டு வருகிறேன் என்றால், ஏதோ கெட்டுவிட்டது என்று அஞ்சுகிறோம். பொருளீட்டப் பிரிவது கடமை, மனத்தை ஆற்றிக்கொள்ளப் பிரிவது கோளாறு என்று நமக்குள் எப்போதோ எழுதிவைத்துவிட்டோம் போலும்.

நாம் புறப்பட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. வாப்பா வஃபாத்தாகி ஏழு மாதங்கள் ஆகியிருந்தன. மூன்றாண்டுகள் பக்கவாதத்தில் படுக்கையில் கிடந்து, ஒரு வியாழன் இரவில் அமைதியாகப் போய்ச் சேர்ந்தார்கள். அன்று தொடங்கி ஜனாஸா, கபுர், வந்தவர்களுக்குச் சாப்பாடு, வங்கிக் கணக்கு, வாரிசுச் சான்றிதழ், பாகப் பிரிவினைப் பேச்சு என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. மூத்த மகன் என்பதால் எல்லாவற்றுக்கும் நாம்தான் நின்றோம். ஆறுதல் சொல்ல வந்தவர்களுக்கு ஆறுதல் சொன்னோம். ஏழாம் மாதத்தில் ஒருநாள் கடையில் ரசீது எழுதிக்கொண்டிருந்தபோது, வாப்பாவுக்காக இன்னும் நாம் அழவேயில்லை என்பது நினைவுக்கு வந்தது. அன்றிரவு வீட்டில் சொன்னோம். எங்கள் துணைவியார் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "போயிட்டு வாங்க" என்றார்.

தனியே பயணம் செய்வது மார்க்கத்தில் விரும்பப்படாதது என்று சொல்வோர் உண்டு. அவர்கள் ஆதாரமின்றிச் சொல்லவில்லை. தனிமையில் உள்ள ஆபத்தை மக்கள் அறிந்தால் எவரும் இரவில் தனியே பயணம் செய்யமாட்டார் என்ற கருத்தில், இப்னு உமர் (ரலி) அவர்கள் வழியாக ஒரு நபிமொழி வந்துள்ளது. ஆயினும் இமாம் புகாரீ அவர்கள் தனியே பயணம் செய்தல் பற்றிய பாடத்தில் அந்த நபிமொழிக்கு முன்னதாகவே, அகழ்ப்போரின்போது எதிரிகளின் செய்தியை அறிந்துவர ஸுபைர் (ரலி) அவர்கள் தனியே செல்ல முன்வந்த நிகழ்ச்சியையும் வைத்திருக்கிறார்கள். எச்சரிக்கையும் அனுமதியும் ஒரே பாடத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. பாலைவனத்து இரவும் வழிப்பறியும் வழிதவறலும் அந்த எச்சரிக்கையின் பின்னணி என்று கற்றோர் விளக்கியுள்ளனர். பகலில், பேருந்தில், ஆள் நடமாட்டமுள்ள ஊருக்கு, வீட்டாருக்கு இடத்தைச் சொல்லிவிட்டுச் செல்வது வேறு. நள்ளிரவில் பைக்கில் கொண்டை ஊசி வளைவுகளில் தனியே ஏறுவது வேறு. பின்னதை நம் பிள்ளைகள் இப்போது வீரம் என்று நினைக்கிறார்கள். அந்த நபிமொழி இன்று யாருக்கேனும் நேரே பொருந்துமென்றால் அவர்களுக்குத்தான். இதற்கு மேல் தீர்ப்பு வேண்டுவோர் தம் ஊர் ஆலிமை நாடுக.

தனிப்பயணம் என்றதும் பலருக்கு இப்னு பதூதாவின் நினைவு வரும். 1325இல், தம் 21ஆம் வயதில், துணையின்றித் தஞ்சியர் நகரிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்டவர். பிறகு நம் பக்கமும் வந்தார். இலங்கையில் பாவா ஆதம் மலை ஏறினார். மதுரையில் சுல்தான்களின் ஆட்சியைக் கண்டார். அவரைப் பெருமையாகப் பேசும் நாம் ஒன்றை மறந்துவிடுகிறோம். அவர் சொந்த நாடு திரும்பியது 1349இல். தந்தை இறந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. தாயார் அதற்குச் சற்று முன்னர்தான் கொள்ளைநோயில் மறைந்திருந்தார். உலகப் பயணிகளில் தலையாய ஒருவர் தம் தாயைக் காணச் சில மாதங்கள் பிந்திவிட்டார்.

எனவேதான் பயணம் குறுகியதாக இருக்கட்டும் என்கிறோம். பயணம் என்பது உணவையும் உறக்கத்தையும் கெடுக்கும் ஒருவகை வேதனை, வந்த வேலை முடிந்ததும் வீட்டாரிடம் விரைந்து திரும்புங்கள் என்ற பொருளில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியிருக்கிறார்கள். ஹிரா மலையில் அவர்கள் மேற்கொண்ட தனிமையும், நபித்துவத்துக்கு முந்தைய அந்நாட்களில், கட்டுச்சோற்றின் அளவுக்கே நீண்டது. உணவு தீர்ந்ததும் கதீஜா (ரலி) அவர்களிடம் இறங்கி வருவார்கள். மீண்டும் உணவு எடுத்துக்கொண்டு செல்வார்கள். நம் விடுமுறையை ஹிராவோடு ஒப்பிடும் துணிச்சல் நமக்கு இல்லை. அந்தக் கட்டுச்சோற்றைக் கட்டித் தந்த கைகளை மட்டும் வாசகர் நினைவில் வைத்துக்கொள்க. பின்னர் அங்குத் திரும்பி வருவோம்.

சனிக்கிழமை சுபுஹு தொழுது நெல்லையிலிருந்து புறப்பட்டோம். வெள்ளியன்று கிளம்பினால் ஒருநாள் கூடுதலாகக் கிடைத்திருக்கும். ஆனால் ஷாஃபிஈ மத்ஹபில் வெள்ளி வைகறைக்குப் பின், ஜும்ஆ தவறும் என்று தெரிந்தே பயணம் கிளம்பலாகாது. மதுரை ஆரப்பாளையத்தில் பேருந்து மாறி, வத்தலக்குண்டு வழியாக மலையேறினோம். 2024 மே 7ஆம் நாள் முதல், உயர் நீதிமன்ற உத்தரவின்படி, கொடைக்கானலுக்கும் உதகைக்கும் வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் வேண்டும். அரசுப் பேருந்தில் செல்பவருக்கு அந்தக் கவலை இல்லை. கொடைக்கானலில் மீண்டும் ஒரு பேருந்து. லுஹரையும் அஸரையும் இரண்டிரண்டு ரக்அத்துகளாகச் சுருக்கி, அஸர் நேரத்தில் சேர்த்துத் தொழுதுகொண்டோம். ஹனஃபீ சகோதரர்கள் சுருக்குவார்கள், இப்படிச் சேர்ப்பதில்லை. அவரவர் மத்ஹபை அவரவர் பேணுவோம்.

பூம்பாறையை மேலே சாலையில் நின்று பார்க்க வேண்டும். எதிர்ச்சரிவில் தீப்பெட்டிகளை அடுக்கியதுபோல் வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும். சுற்றிலும் படிப்படியாக வெட்டிய வயல்கள். காரட், உருளை, பீன்ஸ், பூண்டு. புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு விளையும் ஊர்களில் இதுவும் ஒன்று. பச்சைப் பூண்டு தின்றுவிட்டுப் பள்ளிவாசலுக்கு வராதீர்கள் என்ற நபிமொழியைச் சிறுவயதில் நமக்குக் கற்பித்த உஸ்தாது இந்தக் காற்றை ஒருமுறை சுவாசித்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எண்ணிச் சிரித்துக்கொண்டோம். ஊரின் நடுவே குழந்தை வேலப்பர் கோயில். ஊர்மக்கள் வேலைக்காரர்கள், தேநீர்க்கடையில் ஒருவரும் நம்மை உற்றுப் பார்க்கவில்லை. வயலில் குனிந்து வேலை செய்யும் பெண்களைக் கேட்காமலே படமெடுத்துக்கொண்டிருந்த இளைஞர் கூட்டத்தை மட்டும் ஒரு பாட்டி நன்றாகவே திட்டினார். அவர் பக்கந்தான் நியாயம்.

தங்குமிடத்தில் ஒரு தடை. "தனியா வர்ற ஆம்பளைங்களுக்கு ரூம் குடுக்கிறதில்ல சார்" என்றார் உரிமையாளர். ஏன் என்று கேட்டதற்கு அவர் கீழே பார்த்தார். மலையூர்களில் அறை வாடகைக்கு விடுவோருக்கு அந்த அச்சம் உண்டு. உயிரை மாய்த்துக்கொள்ளத் தனியே வருபவரைப் பற்றிய அச்சம். அதைப் புரிந்துகொள்ள நமக்குச் சற்று நேரம் பிடித்தது. வீட்டுக்குப் பேசிப் பாருங்கள் என்று கைபேசியை நீட்டினோம். ஒலிபெருக்கியில் எங்கள் துணைவியாரின் குரல் கேட்டது: "பயப்படாதீங்க அண்ணே. அவங்க சும்மாதான் வந்திருக்காங்க." அவர் சிரித்துவிட்டு ஆதார் அட்டையைக் கேட்டார்.

முதல் இரவு ஒன்றும் நடக்கவில்லை. உள்ளபடியே சொல்வதானால் சலிப்பாக இருந்தது. கை தானாகக் கைபேசியைத் தேடியது; கடைக்கு இருமுறை பேசினோம்; அங்கே நாம் இல்லாமலே எல்லாம் நடந்துகொண்டிருந்தது. அது நிம்மதியைவிட மனக்குறையையே தந்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. தனிமையை இனிமை என்று எழுதுகிறவர்கள் இந்த முதல் இரவைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

வைகறையில் ஒளுச் செய்யக் குழாயைத் திறந்தால் நீர் ஊசியாய்க் குத்தியது. மலைக்குச் செல்வோருக்குப் பயன்படும் ஒரு சலுகையை இங்கே சொல்லியாக வேண்டும். முழுமையாக ஒளுச் செய்தபின் அணிந்த தோல் காலுறையின் மீது, அடுத்தடுத்த ஒளுக்களில் ஈரக்கையால் தடவிக்கொண்டாலே போதும். ஊரில் இருப்பவருக்கு ஒரு பகலும் ஓர் இரவும். பயணிக்கு மூன்று பகலும் மூன்று இரவும். சாதாரணப் பருத்திக் காலுறைக்கு இது செல்லாது. வாப்பா சபுராளியாக இருந்த காலத்தில் அணிந்த ஒரு சோடி தோல் காலுறை எங்கள் அலமாரியில் கிடந்தது. அதைத்தான் எடுத்துப் போயிருந்தோம். அளவு சற்றுப் பெரிது.

பாங்கோசை கேட்காத இடம். கிழக்கே வெளுக்கத் தொடங்கியிருந்தது; அதற்கு முதுகைக் காட்டி, மேற்கிலிருந்து சற்று வடக்கே திரும்பிக் கிப்லாவைக் குறித்துக்கொண்டு, சரிவில் ஒரு பாறையருகே நின்றோம். மலையுச்சியில் தன்னந்தனியே பாங்கு சொல்லித் தொழும் ஆட்டிடையனை இறைவன் உவந்து மன்னிப்பதாக வரும் நபிமொழி நினைவுக்கு வந்தது. எவருக்கும் இடைஞ்சலாகாத மெல்லிய குரலில் பாங்கு சொன்னோம். பெற்ற பிள்ளைகள் பிறந்தபோது அவர்கள் காதில் சொன்னதற்குப் பிறகு நாம் பாங்கு சொன்னது அன்றுதான். அந்த முதல் பாங்கை எங்கள் காதில் சொன்னவர் வாப்பா. தொழுகையில் அத்தஹிய்யாத்து இருப்பில் தொடங்கிய அழுகை ஸலாம் கொடுத்த பின்னும் நெடுநேரம் நிற்கவில்லை. காலில் அவர்களுடைய காலுறை. கீழே எவர் வீட்டிலோ அடுப்புப் புகை. நம்மைத் தேற்ற அங்கு யாரும் இல்லை என்பதே பெரும் அருளாக இருந்தது. யாருக்கும் நாம் தைரியசாலியாகத் தெரிய வேண்டியிருக்கவில்லை.

இவ்வளவுதான் பயணம். மறுநாள் மன்னவனூர்ச் சாலையில் கொஞ்சம் நடந்தோம். பூண்டு இரண்டு கிலோ வாங்கினோம். திங்கள் காலை இறங்கிவிட்டோம்.

இத்தகைய தனிமை கூடும் என்பதோடு, நம் ஆண்களுக்கு அது தேவையுங்கூட என்பது நம் கருத்து. குடும்பத் தலைவன் என்ற பெயரில் நம்மில் பலர் துக்கத்தைக் கடையின் கல்லாப்பெட்டிக்குள் பூட்டி வைத்துவிட்டு, பிறகு அதை வீட்டில் எரிச்சலாகச் செலவிடுகிறோம். இரண்டு நாளும் இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாயும் அதற்குப் பெரிய விலை அல்ல. கடன் வாங்கிப் போகலாகாது. வீட்டில் நோயாளி இருக்கையில் போகலாகாது. போகுமிடத்தைச் சொல்லாமல் போகலாகாது. இம்மூன்றையும் பேணினால் ஊர் என்ன நினைக்கும் என்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

இந்த அளவில் கட்டுரையை முடித்திருப்போம். ஆனால் வீடு திரும்பிய அன்றிரவு, பூண்டை முறத்தில் பரப்பியபடி எங்கள் துணைவியார் ஒன்று கேட்டார்.

"சும்மா இருக்குறதுன்னா எப்படிங்க இருக்கும்?"

குத்திக்காட்டும் தொனி அதில் இல்லை. அறியாத ஓர் ஊரைப் பற்றி விசாரிப்பது போலத்தான் கேட்டார். விடை சொல்ல வாயெடுத்த நமக்கு ஒரு கணக்கு மனத்தில் ஓடியது. நிக்காஹ் ஆகிப் பத்தொன்பது ஆண்டுகள். அதில் ஒருநாள்கூட அவர் தனியே இருந்ததில்லை. வாப்பா படுக்கையில் இருந்த மூன்றாண்டுகளும் கஞ்சி கரைத்துக் கொடுத்தவர் அவர்; முதுகில் புண் வராமல் இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைத்தது அவர் கை; கடைசி நாளில் ஸம்ஸம் நீரை நாவில் தொட்டு வைத்ததும் அவர்தான். மருமகள் என்பதால் ஆறுதல் சொல்ல வந்தவர்கள் அவரிடம் ஆறுதல் சொல்லவில்லை, தேநீர் கேட்டார்கள். "மாமா போன பிறகு ராத்திரி ரெண்டு மணிக்கு இன்னும் முழிப்பு வந்துருது" என்று அவர் ஒருமுறை சொன்னது நினைவுக்கு வந்தது. அன்று அதற்கு நாம் உறக்க மாத்திரையைப் பற்றிப் பேசினோம்.

ஆணின் தனிமைக்கு வாதாடுகிற கட்டுரைகள் நம் பக்கங்களிலும் வரத் தொடங்கிவிட்டன. அவற்றில் ஹிராவும் இப்னு பதூதாவும் உண்டு. கட்டுச்சோறு கட்டியவரைப் பற்றி ஒரு வரி இருப்பதில்லை. நாம் மலையில் அழுதுகொண்டிருந்த இரண்டு நாளும் வீட்டில் பால்காரனுக்குக் கதவு திறந்தவரும், உம்மாவுக்குச் சர்க்கரை பார்த்தவரும், சின்னவனின் காய்ச்சலை நமக்குச் சொல்லாமல் மறைத்தவரும் அவர்தான். நாம் எடுத்துக்கொண்ட தனிமை அவர் தோளில் ஏறி நின்றது.

இவ்விடத்தில் சிலர் உடனே மஹ்ரம் பற்றிய சட்டத்தைக் கொண்டுவருவார்கள். பெண் எவ்வளவு தொலைவு, எவர் துணையோடு பயணம் செய்யலாம் என்பதில் மத்ஹபுகளின் பேச்சு விரிவானது. அதில் நாம் நுழையவில்லை. ஆனால் அந்தச் சட்டத்தை நம் வசதிக்கு வேலியாக்கிக்கொள்கிறோமோ என்ற ஐயம் நமக்கு உண்டு. தனிமைக்கு மலை கட்டாயமில்லை. அவர் எங்கும் போக வேண்டாம், நாம் போகலாம். பிள்ளைகளையும் உம்மாவையும் அழைத்துக்கொண்டு இரண்டு நாள் லாத்தா வீட்டுக்குப் போய்விட்டு, அவருடைய வீட்டை அவரிடமே விட்டுவிட எந்த மத்ஹபில் தடை இருக்கிறது? சமைக்காமல், யாருக்கும் விடை சொல்லாமல், தொழுதுவிட்டு அதே விரிப்பில் உறங்கிப்போகும் ஒரு பகல் அவருக்கு இதுவரை வாய்த்ததில்லை. அந்த இரவு தனியே இருக்க அஞ்சினால் பக்கத்து வீட்டுச் சிறுமி வந்து படுத்துக்கொள்வாள்.

இதை உம்மாவிடம் சொன்னபோது முதலில் அவர்கள் முகம் சுளித்தார்கள். "பொம்பளைக்கு எதுக்குத் தனிமை? சின்னவன் யார்கிட்ட தூங்குவான்?" என்றார்கள். பிறகு வெற்றிலையை மடித்துக்கொண்டே, தாம் பிறந்ததிலிருந்து ஆளில்லாத வீட்டில் ஒரு இரவுகூடத் தூங்கியதில்லை என்றும், அது எப்படியிருக்கும் என்று ஒருகாலத்தில் யோசித்ததுண்டு என்றும் சொன்னார்கள். மேற்கொண்டு அவர்கள் எதுவும் பேசவில்லை. ஆனால் லாத்தாவுக்குத் தொலைபேசியில் சொன்னது அவர்கள்தான்.

காலாண்டு விடுமுறையின் முதல் இரண்டு நாட்களைக் குறித்திருக்கிறார் துணைவியார். அதற்குள் நாம் கற்றுக்கொள்ள வேண்டியவை சில உள்ளன. உம்மாவுக்குக் காலையில் மூன்று மாத்திரைகள், மதியம் ஒன்று, இரவில் மூன்று; அவற்றில் இரண்டு ஒரே நிறம். சின்னவன் உறங்க வேண்டுமென்றால் அவன் காதருகே ஸலவாத்து ஓத வேண்டுமாம். எத்தனை முறை என்று இன்னும் கேட்கவில்லை.